வால்வு கெட்டுப்போச்சு என்கிறார்கள். காலில் ஏது வால்வு?

கீழத்தெரு மலர் · திங்கள், இரவு 9.40

அம்மா 19 வருடமாக ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறார். காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் இரவு ஒன்பது ஆகும். சாப்பாட்டு நேரம் தவிர உட்காருவது கிடையாது. இரண்டு மூன்று வருடமாக இடது கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு பச்சையாகப் புடைத்து நிற்கிறது. சாயங்காலம் ஆனால் கொலுசு கணுக்காலில் அழுந்திவிடும். கழற்றினாலும் அந்தத் தடம் ராத்திரி வரை மறையாது.

போன வாரம் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். இரண்டு மணி நேரம் வரிசை, இரண்டு நிமிடம் பார்வை. காலை விரலால் அழுத்திப் பார்த்தார். "வால்வு கெட்டுப்போச்சும்மா, ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அம்மா அதை இதய வால்வு என்று நினைத்துக்கொண்டார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. விடிகாலையில் என்னை எழுப்பி, நகைச்சீட்டு அட்டை எந்த டப்பாவில் இருக்கிறது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நான் படித்தது பி.காம். எனக்கு இரண்டே சந்தேகம். காலில் ஏது வால்வு? அப்புறம், இதயம் தள்ளுவதால் ரத்தம் காலுக்கு இறங்குகிறது, அது புரிகிறது. இறங்கியது நாலடி உயரம் ஏறி எப்படித் திரும்புகிறது? மோட்டார் மேலேதானே இருக்கிறது?

போர்வெல் பாண்டி · திங்கள், இரவு 10.05

மலர், நான் மோட்டார் இறக்கி ஏற்றுகிறவன். வைத்தியம் தெரியாது. ஆனால் உங்கள் கேள்வி என் தொழில் கேள்விதான்.

கிணற்று மோட்டார் பைப்பின் அடிமுனையில் ஃபுட் வால்வு என்று ஒன்று மாட்டுவோம். தண்ணீரை மேலே விடும், கீழே விடாது. மோட்டார் நின்றாலும் பைப்பில் ஏறிய தண்ணீரை அது பிடித்துக்கொள்ளும். அதில் ஒரு கல் சிக்கி லீக் ஆனால் போச்சு, தினமும் காலையில் குடம் குடமாக ஊற்றி பிரைம் பண்ண வேண்டும். அம்மா காலில் கெட்டது அந்த மாதிரி ஒன்றாகத்தான் இருக்கும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மேல்தொட்டிக்கு ஏற்றுவது வேறு, சுற்றி வருகிற லைன் வேறு. கொத்தனார் மட்டம் பார்க்கிற தண்ணீர் ட்யூப்பைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் எவ்வளவு ஆழமாகத் தொங்கினாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு பக்கம் இறங்குகிற பாரம் மறுபக்கத்தைத் தூக்கிவிடுகிறது. உடம்பும் மூடிய லைன்தானே? அப்படியென்றால் நாலடி என்பது ஒரு பிரச்சினையே இல்லை. உராய்வுக்கு மட்டும் கொஞ்சம் தள்ளினால் போதும்.

சந்தேகம் சாமி · திங்கள், இரவு 10.31

இது என்ன கதை? இதயம் ரப்பர் பந்து மாதிரி. அழுத்தினால் வெளியே தள்ளும், விட்டால் உள்ளே உறிஞ்சும். ஊசி சிரிஞ்சை இழுப்பது போல. அதனால்தான் ரத்தம் திரும்புகிறது. பாண்டி சொல்வதுபோல் மட்டம் தானாகச் சரியாகுமென்றால் அந்த அம்மாவுக்குக் கால் ஏன் வீங்குகிறது?

ஓய்வு நர்ஸம்மா · செவ்வாய், காலை 6.15

மலரு, முதலில் அம்மாவிடம் போய்ச் சொல்லு, இதய வால்வு வேறு, கால் நரம்பு வால்வு வேறு. இதயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு உட்கார்ந்து இதைப் படி.

34 வருடம் வார்டில் இருந்தேன். நாம் பேச்சில் நரம்பு என்பது பாதி நேரம் நரம்பே இல்லை. நரம்பு என்றால் மூளைக்குச் செய்தி கொண்டுபோகிற கம்பி. நரம்பு ஊசி போடுகிறோமே, அது போவது ரத்தக்குழாயில். அதற்குப் பெயர் சிரை. இதயத்திலிருந்து கிளம்புகிற குழாய் தமனி, இதயத்துக்குத் திரும்புகிற குழாய் சிரை. அம்மாவுக்குச் சுருட்டிக்கொண்டிருப்பது சிரை.

பாண்டி தம்பி சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவர் பி.வி.சி. பைப்பை நினைத்துச் சொல்கிறார். சிரையின் சுவர் மெல்லிசு, சைக்கிள் ட்யூப் மாதிரி. உள்ளே அழுத்தம் ஏறினால் விரிந்து கொடுக்கும். படுத்திருப்பவர் எழுந்து நின்றதும் ஏறக்குறைய அரை லிட்டர் ரத்தம் காலுக்கும் இடுப்புக்கும் இறங்கித் தங்கிவிடும். ரத்தம் ஓடாமல் இல்லை, ஓடுகிறது. ஆனால் குழாய் விரிந்த அளவுக்குக் கூடுதலாக அங்கே நிற்கிறது. உடம்பில் இருக்கிற ஐந்து லிட்டர் சொச்சத்தில் எந்த நேரமும் பாதிக்கு மேல் சிரைகளில்தான் கிடக்கும். அறுபதிலிருந்து எழுபது சதவீதம் என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள்.

இப்போது சாமி தம்பிக்கு. அசையாமல் நிற்கிற ஆளின் பாதத்துச் சிரையில் அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரசம். அதே ஆள் நடந்தால் 20, 30-க்கு இறங்கிவிடும். இதயம் இரண்டு நேரமும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அது உறிஞ்சித்தான் இறங்குகிறது என்றால் நின்றாலும் இறங்க வேண்டுமே? இறக்கியது எது? கெண்டைக்கால் சதை. அது ஒவ்வொரு அடிக்கும் இறுகும்போது உள்ளே இருக்கிற சிரைகளைப் பிழிந்துவிடுகிறது, ஈரத்துணியைப் பிழிவது மாதிரி. பிழிந்த ரத்தம் கீழே போக முடியாது, வால்வு மூடிக்கொள்ளும். மேலேதான் போக வேண்டும். சதை தளர்ந்ததும் கீழேயிருந்து புது ரத்தம் வந்து நிறையும். மலரு கேட்ட கீழ் மோட்டார் இதுதான். இதற்குக் கரண்டு நடைதான்.

போர்வெல் பாண்டி · செவ்வாய், காலை 7.02

அம்மா, அந்த 90-ஐப் பார்த்ததும் கணக்குப் போட்டுவிட்டேன். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். 90 மி.மீ. பாதரசம் என்றால் 1224 மி.மீ. தண்ணீர், அதாவது நாலு அடி! மலர் சொன்ன அதே நாலடி. பாதத்திலிருந்து இதயம் வரை நிற்கிற ரத்தத் தூணின் பாரம்தான் அது. எங்கள் தொழிலில் இதை ஹெட் என்போம்.

நடந்தால் 20, 30 என்றால் ஒரு அடியிலிருந்து ஒன்றேகால் அடிதான் ஹெட். வால்வுகள் ஒரே தூணைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தாங்குகின்றன. ஆழமான லைனில் நாங்களும் நடுநடுவே ‘நான்-ரிட்டர்ன்’ என்கிற ஒருவழி வால்வு போடுவோம், அடியில் இருப்பதன் மேல் மொத்தப் பாரமும் விழாமலிருக்க. சும்மா நிற்கும்போது வால்வெல்லாம் திறந்து கிடந்து தூண் ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறது போல. சரியா?

ஓய்வு நர்ஸம்மா · செவ்வாய், காலை 7.20

சரி. எங்கள் வகுப்புக்கு நீ வந்திருக்கலாம்.

யாழ் உயிரியல் · செவ்வாய், காலை 11.48

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். எங்கட புத்தகங்களில் தமனிக்கு நாடி, சிரைக்கு நாளம், இதயத்தின் மேலறையான ஆரிக்கிளுக்குச் சோணையறை என்று இருக்கும். பெரும்பாலானோருக்கு விளங்கட்டும் என்று இங்கே தமிழ்நாட்டுச் சொற்களையே எழுதுகிறேன்.

மலர் பிள்ளை, பாதையைச் சொல்லிவிடுகிறேன். காலில் சிரைகள் இரண்டு அடுக்கு. தோலுக்குக் கீழே மேலோட்டமாக ஒன்று, தசைக்குள் ஆழமாக மற்றொன்று. பத்தில் ஒன்பது பங்கு ரத்தம் ஆழச்சிரை வழியாகத்தான் ஏறும். மேலோட்டமானவற்றில் பெரியது உள்கணுக்காலுக்கு முன்னால் தொடங்கி, முழங்காலின் உட்புறத்தைத் தாண்டித் தொடை இடுக்கில் ஆழச்சிரையோடு சேரும். உடம்பிலேயே நீளமான சிரை அதுதான். நடுவழியிலும் இரண்டு அடுக்கையும் இணைக்கும் குறுக்குக் குழாய்கள் உண்டு, அவற்றிலும் வால்வு. அந்த வால்வுகள் மேலோட்டமான சிரையிலிருந்து ஆழச்சிரைக்குள் மட்டும் விடும். அவை கசிந்தால் தசை பிழியும் ஒவ்வொரு முறையும் ரத்தம் ஆழத்திலிருந்து தோலுக்கடியில் பீறும். மெல்லிய சிரை அதைத் தாங்காமல் நீண்டு, வளைந்து, சுருளும். அம்மாவின் காலில் பச்சையாகத் தெரிவது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டு கால்களின் பெருஞ்சிரைகளும் இடுப்புக்குள் போய், தொப்புளுக்குச் சற்றுக் கீழே, முதுகெலும்புக்கு முன்னால் ஒன்று சேர்கின்றன. அங்கே பிறப்பதுதான் கீழ்ப்பெருஞ்சிரை. உடம்பின் மிகப் பெரிய சிரை. அது முதுகெலும்பின் வலப்பக்கமாக ஏறும், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய தமனியான மகாதமனி அதன் இடப்பக்கம். வழியில் சிறுநீரகச் சிரைகள் வந்து சேரும். குடல், மண்ணீரல், இரைப்பையின் ரத்தம் மட்டும் நேரே வந்து சேராது. அது வாயிற்சிரை வழியாக முதலில் ஈரலுக்குள் போய்ச் சல்லடையில் அரித்த மாதிரி அரிபட்டு, பிறகுதான் ஈரல் சிரைகளாக வெளிவந்து பெருஞ்சிரையில் விழும். சாப்பிட்டதில் கொழுப்பின் பெரும்பகுதி தவிர மற்றதெல்லாம் ஈரலின் சோதனைச்சாவடியைத் தாண்டித்தான் இதயத்துக்குப் போகும். ஈரல் சுருங்கிக் கல்லாகிப் போனவர்களுக்கு உணவுக்குழாயின் அடியில் சிரைகள் வீங்கி, வெடித்து, ரத்த வாந்தி எடுப்பதும் இந்தச் சாவடி அடைபட்டுப் போவதால்தான்.

ஈரலைக் கடந்ததும் பெருஞ்சிரை, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தைத் துளைத்துக்கொண்டு நெஞ்சுக்குள் நுழைந்து, உடனே வலது ஆரிக்கிளில் திறக்கும். மேலிருந்து வருவது மேற்பெருஞ்சிரை. தலை, கழுத்து ரத்தத்தைக் கழுத்துச் சிரையும், கை ரத்தத்தைக் காறையெலும்புக்குக் கீழே ஓடும் சிரையும் கொண்டுவரும். இந்தப் பக்கம் ஒரு சோடி, அந்தப் பக்கம் ஒரு சோடி. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 7 செ.மீ. நீளமே உள்ள மேற்பெருஞ்சிரையாகி இறங்கும். இதயத் தசையின் சொந்த ரத்தம் மூன்றாவதாக ஒரு சிறு வாசல் வழியாக அதே ஆரிக்கிளுக்குள் வரும்.

இன்னொன்று, மாணவர்கள் வருடா வருடம் பிழைவிடும் இடம். சிரை என்றாலே அசுத்த ரத்தம் என்று எழுதிவிடுவார்கள். நுரையீரலிலிருந்து இடது ஆரிக்கிளுக்கு வரும் நாலு சிரைகளில் பிராணவாயு நிறைந்த செக்கச்சிவந்த ரத்தம். சிரை என்ற பெயர் திசைக்குத்தான், நிறத்துக்கு இல்லை. தோலுக்குக் கீழே பச்சையாகவும் நீலமாகவும் தெரிவதுகூட ஒளி தோலில் சிதறுவதால். உள்ளே இருப்பது கரும்சிவப்புதான்.

சந்தேகம் சாமி · செவ்வாய், மதியம் 1.10

சரி, கால் சதை பிழிகிறது, ஒத்துக்கொண்டேன். வயிற்றுக்குள்ளே எந்தச் சதை பிழிகிறது? டீச்சர் சொன்ன கீழ்ப்பெருஞ்சிரையில் வால்வு உண்டா இல்லையா? உறிஞ்சுவதை நான் இன்னும் விடவில்லை.

யாழ் உயிரியல் · செவ்வாய், மாலை 4.35

கீழ்ப்பெருஞ்சிரையில் கால்களில் உள்ளது போன்ற வால்வுகள் இல்லை. மேற்பெருஞ்சிரையிலும் இல்லை. அங்கே வேலை செய்வது மூச்சு. மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்கும். வயிற்றில் அழுத்தம் கூடும், நெஞ்சில் குறையும். வயிற்றுப் பக்கம் அமுக்க, நெஞ்சுப் பக்கம் இடம் கொடுக்க, நடுவில் இருக்கும் ரத்தம் மேலே போகும். வயிற்றில் அமுக்கினாலும் ரத்தம் காலுக்குத் திரும்பி ஓடாது, தொடைச் சிரைகளின் வால்வுகள் தடுக்கும்.

உறிஞ்சலைப் பற்றி: உங்களிடம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இதயத்தின் கீழறை சுருங்கும்போது மேல், கீழ் அறைகளுக்கு நடுவில் உள்ள வால்வுத் தளம் கீழே இழுபடும், மேலே ஆரிக்கிள் விரியும். அந்தச் சமயத்தில் பெருஞ்சிரையிலிருந்து ரத்தம் வேகமாக உள்ளே பாயும். ஆனால் சிரை மெல்லியது என்று நர்ஸம்மா சொன்னதை மறக்க வேண்டாம். நனைந்து தொய்ந்துபோன காகித ஸ்ட்ரோவால் இளநீர் உறிஞ்சிப் பாருங்கள். பலமாக இழுத்தால் ஸ்ட்ரோ ஒட்டிக்கொள்ளும், இளநீர் வராது. சிரையும் அப்படித்தான். இதயம் பக்கத்தில் உள்ளதைக் கொஞ்சம் இழுக்கலாம், பாதத்திலிருந்து இழுக்க முடியாது.

எக்கோ ரூம் குமார் · செவ்வாய், இரவு 8.50

டீச்சர் சொன்னதை நான் தினமும் பார்க்கிறேன். எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுக்கும்போது, நெஞ்சு முடிந்ததும் ஸ்கேன் கருவியின் கைப்பிடியான புரோபை நெஞ்செலும்புக்குக் கீழே, வயிற்றின் மேல்பக்கம் வைத்து அழுத்துவோம். திரையில் ஈரல் சாம்பலாகத் தெரியும், அதற்குப் பின்னால் கறுப்பாக ஒரு பட்டை. அதுதான் கீழ்ப்பெருஞ்சிரை. அகலம் சுமார் இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். "மூக்கை ஒரு தடவை உறிஞ்சுங்க" என்போம். உறிஞ்சியதும் அந்தப் பட்டை சட்டென்று பாதிக்கு மேல் ஒட்டிவிடும், திரும்ப விரியும். ரத்தம் நெஞ்சுக்குள் ஓடிவிட்டது என்று அர்த்தம். 2.1 செ.மீ.க்கு மேல் அகலமாக இருந்து, உறிஞ்சியும் அசையாமல் நின்றால் ஆரிக்கிளில் அழுத்தம் ஏறிக் கிடக்கிறது, வரும் ரத்தத்துக்கு உள்ளே இடமில்லை என்று எழுதுவோம். அப்படிப்பட்டவர்களின் பாதத்தைப் பார்த்தால் பெரும்பாலும் வீங்கியிருக்கும்.

அதனால் மலர், ஒரு காலில் மட்டும் சுருட்டலும் வீக்கமும் இருந்தால் பெரும்பாலும் காலின் கோளாறு. இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கினால் அது வேறு கதை, மேலே பார்க்க வேண்டும். அம்மாவுக்கு அப்படி எதுவும் இல்லையே?

எதிர்ப்பக்கத்தையும் கவனியுங்கள். மூச்சை அடக்கி முக்கும்போது நெஞ்சில் அழுத்தம் கூடிவிடும், ரத்தம் உள்ளே வர முடியாது. அப்போது கழுத்தும் நெற்றியும் புடைக்கும். அரிசி மூட்டை தூக்குகிற ஆளைப் பாருங்கள், தெரியும்.

கீழத்தெரு மலர் · செவ்வாய், இரவு 10.15

மூச்சு வாங்குவதெல்லாம் இல்லை அண்ணா. இடது கால் மட்டும்தான்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஃபுட் வால்வு என்றதும் புரிந்துவிட்டது, எங்கள் கிணற்று மோட்டாரும் அந்தத் தகராறுதான். "அப்போ எனக்குத் தினமும் பிரைம் பண்ணணுமா" என்று சிரித்தார். மூன்று நாளில் முதல் சிரிப்பு. ஆனால் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து, தைலம் சுடவைத்துப் பலமாக நீவிவிட்டால் கட்டிய ரத்தம் இறங்கிவிடும் என்கிறார். நீவலாமா?

ஓய்வு நர்ஸம்மா · புதன், காலை 5.50

சுருட்டலுக்கு அழுத்தி நீவாதே. இன்னொன்றையும் நன்றாக மனதில் வைத்துக்கொள். என்றாவது ஒரு கால் திடீரென்று வீங்கி, கெண்டைச் சதை சூடாகக் கல் மாதிரி வலித்தால், அதை எக்காரணம் கொண்டும் நீவக்கூடாது. ஆழச்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். டீச்சர் சொன்ன பாதையை நினைத்துப் பார். உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டால் தொடை, கீழ்ப்பெருஞ்சிரை, வலது ஆரிக்கிள், வலது வெண்ட்ரிக்கிள் என்கிற கீழறை, அங்கிருந்து நுரையீரல். போகப் போக சிரை அகலமாகிக்கொண்டே போவதால் நடுவில் எங்கும் சிக்காது. நுரையீரலில்தான் குழாய் திரும்பக் குறுகும், அங்கே போய் அடைக்கும். என் கண்முன்னால் ஒருவர் கட்டிலிலிருந்து எழுந்து நாலு அடி வைத்து விழுந்திருக்கிறார். அன்றைக்கு உடனே ஆஸ்பத்திரி, வேறு யோசனையே கூடாது.

நிற்பவர்களுக்கு நான் சொல்வது இது. நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்லு, சேலை மடிக்கும்போதே செய்யலாம், யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் படுத்துக் காலை இரண்டு தலையணை மேல் வைக்கட்டும். இதயத்தைவிடக் கால் உயரமாக இருந்தால் ரத்தம் தானாக வடியும். காலை இறுக்கிப் பிடிக்கிற இறுக்கு உறை போடச் சொன்னால், காலையில் கட்டிலைவிட்டு இறங்குவதற்கு முன்பே போட வேண்டும். சிரை நிறைந்த பிறகு போட்டால் வீக்கத்தின் மேல் போட்டது மாதிரிதான். ஆனால் டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கிப் போடாதே. தமனியில் அடைப்பு உள்ளவர்களுக்கு அது கெடுதல்.

கடைப்பையன் 2 · புதன், காலை 10.20

நானும் ஜவுளிதான். ஒரு விஷயம் பலருக்குத் தெரியவில்லை. 2021-இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. எங்கள் கடையிலும் ஸ்டூல் வந்தது. ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் கவுண்டருக்குப் பின்னால் இருக்கும், மற்ற நாளில் அதன்மேல் பில் கட்டு உட்கார்ந்திருக்கும்.

பூசணிக்கொடி · புதன், காலை 11.05

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு எட்டாவது மாதம். மல்லாந்து படுத்தால் தலை சுற்றுகிறது, இடது பக்கம் ஒருக்களித்தால் சரியாகிவிடுகிறது. இதுவும் இந்தக் கீழ்ப்பெருஞ்சிரை சமாச்சாரமா?

யாழ் உயிரியல் · புதன், மதியம் 12.40

அதுவேதான். மல்லாந்தால் கனத்த கருப்பை முதுகெலும்பின் மேல் சாயும், நடுவில் அகப்படுவது மெல்லிய சுவருள்ள பெருஞ்சிரை. அது நசிந்தால் கீழ் உடம்பின் ரத்தம் இதயத்துக்குக் குறைவாக வரும், வராததை இதயம் தள்ளவும் முடியாது, ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். பெருஞ்சிரை வலப்பக்கம் இருப்பதால் இடப்பக்கம் ஒருக்களித்தால் பாரம் விலகும். அடுத்த முறை போகும்போது டாக்டரிடமும் சொல்லிவிடுங்கோ.

போர்வெல் பாண்டி · புதன், மதியம் 1.15

"வராததை இதயம் தள்ளவும் முடியாது." டீச்சர், கிணறு வற்றினால் அஞ்சு குதிரை மோட்டாரும் காற்றைத்தான் கக்கும். இத்தனை நாள் இதயம் அடிக்கிற அடியில்தான் எல்லாம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எக்கோ ரூம் குமார் · புதன், இரவு 9.30

இந்த மாதிரி இழையில் ஒரு ஆளைச் சொல்லாமல் விட முடியாது. 1929, ஜெர்மனியில் பெர்லினுக்குப் பக்கத்தில் எபர்ஸ்வால்டே என்ற ஊர் ஆஸ்பத்திரி. வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டருக்கு ஒரு யோசனை: எல்லாச் சிரையும் இதயத்தில்தான் முடிகிறது என்றால் கைச்சிரையில் ஒரு மெல்லிய குழாயை விட்டால் இதயத்துக்கே போய்ச் சேருமே? பெரிய டாக்டர் கூடாது என்று சொல்லிவிட்டார். கருவி அலமாரிச் சாவி ஒரு நர்ஸிடம். அந்த அம்மா, என் மேலேயே செய்யுங்கள் என்று முன்வந்தார். அவரை மேசையில் படுக்கவைத்துக் கட்டிவிட்டு, அவர் பார்க்காத நேரத்தில் தன் இடது முழங்கை மடிப்பில் கீறி, குழாயைத் தன் கைக்குள்ளேயே தள்ளிக்கொண்டார் இந்த மனுஷன்! பிறகு அந்தக் குழாய் உள்ளே இருக்கவே நடந்துபோய் எக்ஸ்ரே அறையில் நின்றார். 65 செ.மீ. உள்ளே போனபோது படத்தில் குழாயின் நுனி வலது ஆரிக்கிளில் தெரிந்தது.

கவனியுங்கள், வழியில் எந்த வால்வும் தடுக்கவில்லை. ஏனென்றால் அவர் போனது ரத்தம் போகிற திசை. அதே குழாயைத் தொடையிலிருந்து பாதத்தை நோக்கித் தள்ளிப் பார்த்தால் ஒவ்வொரு வால்விலும் முட்டும். 1956-இல் வேறு இருவரோடு அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்குக் கழுத்தில் லைன் போடுவது, பேஸ்மேக்கர் கம்பியை இறக்குவது எல்லாம் அதே சிரைப் பாதையில்தான்.

சந்தேகம் சாமி · வியாழன், காலை 8.00

பைபாஸ் ஆபரேஷனுக்குக் காலிலிருந்து நரம்பு எடுத்து இதயத்தில் வைக்கிறார்களே, என் மாமாவுக்குச் செய்தார்கள். அதிலும் வால்வு இருக்குமே, அது ரத்தத்தை மறித்துவிடாதா? காலுக்கு அப்புறம் வழி?

எக்கோ ரூம் குமார் · வியாழன், காலை 8.40

நல்ல கேள்வி சாமி. எடுத்த சிரையைத் தலைகீழாகத் திருப்பித்தான் தைப்பார்கள். அப்போது வால்வு ஓட்டத்தின் திசைக்கே திறக்கும். காலுக்கு ஆழச்சிரை இருக்கிறது, டீச்சர் சொன்ன பத்தில் ஒன்பது. மலர் அம்மாவுக்கு அந்தக் கெட்டுப்போன சிரையை லேசர் வைத்து மூடலாம் என்று சொன்னால், ரத்தம் எங்கே போகும் என்று பயப்பட வேண்டாம். பதில் இதுவேதான். ஆனால் மூடுவதற்கு முன் ஆழச்சிரை நன்றாக இருக்கிறதா என்று ரத்த ஓட்டத்தைக் காட்டுகிற டாப்ளர் ஸ்கேனில் பார்த்தாக வேண்டும். ஸ்கேன் எடுக்கச் சொன்னது அதற்கும் சேர்த்துத்தான்.

ஓய்வு நர்ஸம்மா · வியாழன், மாலை 5.25

மலரு, அம்மா வால்வைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? கையிலேயே காட்டலாம். 1628-இல் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய வைத்தியர் புத்தகத்தில் படம் போட்டுக் காட்டிய வேலை. அவருடைய ஆசிரியர் ஃபப்ரீசியஸ் இத்தாலியில் பதுவா ஊரில் இந்த வால்வுகளை வெட்டிப் பார்த்து 1603-இலேயே எழுதிவிட்டார். ஆனால் ரத்தம் கைகால்களுக்கு வேகமாக இறங்காமல் தடுக்கத்தான் அவை என்று நினைத்துக்கொண்டார். கதவைச் சரியாகப் பார்த்தார், அது எந்தப் பக்கத்துக்குக் கதவு என்பதில் தவறிவிட்டார். சிஷ்யர்தான், அது இதயத்தின் பக்கம் மட்டுமே திறக்கிறது என்று பிடித்தார்.

செய்கிற விதம்: கையைத் தொங்கவிட்டு, முழங்கைக்கு மேலே துண்டால் லேசாகக் கட்டு. முன்கையில் சிரை புடைக்கும். அதில் அங்கங்கே சின்ன முடிச்சு மாதிரி தெரியும், அதுதான் வால்வு. மருந்து ஏற்றுகிற கான்யூலா குழாய் போடும்போது ஊசி பாதியில் நின்றால் நாங்கள் திட்டுவது அதைத்தான். மணிக்கட்டுப் பக்கமாக ஒரு விரலால் சிரையை அமுக்கு. இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கம் அடுத்த முடிச்சு தாண்டும் வரை வழித்துவிட்டு அந்த விரலை எடு. நடுவில் சிரை தட்டையாகவே இருக்கும், மேலே இருக்கும் ரத்தம் முடிச்சைத் தாண்டிக் கீழே வராது. இப்போது மணிக்கட்டுப் பக்க விரலை எடு. கண்ணை மூடித் திறப்பதற்குள் கீழேயிருந்து நிறைந்துவிடும். முடிந்ததும் துண்டை அவிழ்த்துவிடு.

கீழத்தெரு மலர் · ஞாயிறு, இரவு 8.10

ஸ்கேன் எடுத்துவிட்டோம். ஆழச்சிரை சுத்தமாக இருக்கிறது, உறைவு எதுவும் இல்லை. டீச்சர் சொன்ன அந்த நீளமான சிரை தொடை இடுக்கில் சேரும் இடத்து வால்வில்தான் கசிவு. இந்தத் தடவை பார்த்தவர் படம் வரைந்து காட்டினார். அடுத்த மாதம் லேசர், அதுவரை உறை. அம்மா டாக்டரிடமே "ஃபுட் வால்வு லீக்தானே" என்று கேட்டுவிட்டார். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, "ஃபுட் வால்வு இல்லம்மா, மேல இருக்கற வால்வு" என்றார். பாண்டி அண்ணன் குறித்துக்கொள்ளவும்.

நர்ஸம்மா சொன்ன கை வித்தை வீட்டில் எல்லோருக்கும் வந்துவிட்டது. அப்பா கைதான் பிரமாதம், முடிச்சு முடிச்சாகத் தெரிகிறது. அம்மா அதைக் கடைக்கும் கொண்டுபோய்விட்டார். கூட்டமில்லாத மத்தியானம், சேலைப் பிரிவில் ஐந்து பேரும் கவுண்டர் மேல் கையை நீட்டி, ரவிக்கைத் துணி கட்டி, ஆளுக்கு ஆள் வழித்துவிட்டுக்கொண்டு நின்றார்களாம். சூப்பர்வைசர் வந்து, மருதாணி வைக்கிறீர்களா என்று கேட்டாராம்.

ஓய்வு நர்ஸம்மா · ஞாயிறு, இரவு 8.22

நின்றார்களாமா? அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து செய்யச் சொல்லுடி.